ஊரிலிருந்து கம்பெனிக்கு: புதிய தொழிலாளர் சட்டங்களில் சாதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில் தெரிகிற தூரத்தில், திருச்சி – சென்னை நெடுஞ்சாலையின் ஓரமாக, விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்களுக்காக இளைஞர்களும் இளம்பெண்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் இதே நேரத்தில் பருத்திக்காட்டுக்கும் மக்காச்சோளக் கொல்லைக்கும் சின்ன வெங்காயம் அறுக்கவும் கிளம்பியவர்கள். இன்று நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் பூங்கா திறக்கப்பட்டு, காலணித் தொழிற்சாலைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024 நவம்பர் 15 அன்று, 15,000 பேருக்கு வேலை தரும் என்ற அறிவிப்போடு, தைவான் காலணி நிறுவனமொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அரியலூரின் சிமெண்டு ஆலைகளோ ஒரு தலைமுறைக்கு மேல் பழையவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 31 விழுக்காடு. மாநிலச் சராசரி 20. எனவே இந்த வேன்களில் ஏறுகிறவர்களில் கணிசமானோர் நம் பிள்ளைகள்.

இப்பகுதியில் நாங்கள் நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கு ஒரு பெண் தொழிலாளி நான்கைந்து தாள்களை மடித்து எடுத்து வந்திருந்தார். "புதிய சட்டங்களுக்கு ஏற்ப நிறுவனத்தின் பணிக் கொள்கைகள் திருத்தப்பட்டுள்ளன, படித்துப் புரிந்துகொண்டேன்" என்று மேலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது, கீழே கையெழுத்துக்கு இடம். கொள்கைப் புத்தகம் அவரிடம் இல்லை. அதைப் பார்க்கத்தான் விட்டார்களாம், கொடுக்கவில்லையாம். உடன் வந்திருந்த அவருடைய தம்பி கல்லூரி மாணவர். கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்த சில பக்கங்களை அவர் காட்டினார். பாலியல் துன்புறுத்தல் இருந்தது, தகவல் பாதுகாப்பு இருந்தது, சமூக ஊடகத்தில் கம்பெனியைப் பற்றி எழுதக் கூடாது என்பதும் இருந்தது. "இவ்வளவு எழுதியிருக்கிறார்களே அண்ணா, சாதி என்கிற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லையே, ஏன்?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரை. சட்டம் மாறும்போது நிறுவனங்கள் தம் பணிவிதிகளைத் திருத்தியாக வேண்டும். அந்தத் திருத்தத்தை நிர்வாகத்தின் வழக்கறிஞர்களும் ஹெச்.ஆர். அதிகாரிகளும் மட்டும் செய்யும் வேலையாக நாம் இதுவரை விட்டு வைத்திருக்கிறோம். அப்படி விட்டுவிட முடியாத காலம் இது.

மாறியது என்ன?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, தொழில்சார் பாதுகாப்பு – உடல்நலம் – பணிச்சூழல் ஆகிய மூன்று தொகுப்புகள். 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் இவை வந்துள்ளன. மாறுதல் காலத்தில் பழைய விதிகளும் அறிவிக்கைகளும் தொடரும் என்றும் அரசு அறிவித்தது. ஆக, ஒரே தொழிற்சாலைக்குப் புதிய சட்டமும் பழைய விதியும் ஒருசேரப் பொருந்தும் குழப்பமான இடைவெளி உருவானது. இந்த இடைவெளியில்தான் மேற்படித் தாள்கள் கையெழுத்துக்கு வருகின்றன.

தொழிலாளிக்கு நன்மையான பிரிவுகளும் இவற்றில் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பணி நியமனக் கடிதம் கட்டாயம்; முன்பே வேலையில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும். வேலையை விட்டு நீங்கினாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்து ஊதியம் தர வேண்டும். ஊதிய நிலுவைக்குக் கோரிக்கை மனு போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்தோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. கூலிக் கணக்கைத் துண்டுச் சீட்டில் மட்டுமே பார்த்த நம் மக்களுக்கு இந்தக் கடைசிப் பிரிவு சிறிய விஷயமல்ல.

ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவே முடியாதபடி வேலியை உயர்த்திவிட்டு, உள்ளே விருந்து இருக்கிறது என்று சொல்வதால் பயனென்ன? பழைய தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு 10 பேர், மின்விசையின்றி 20 பேர் வேலை செய்யும் இடங்களைத் தொழிற்சாலை என்றது. இப்போது அவை 20, 40. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரிலிருந்து பொருந்தியது; இப்போது 50. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டிய எல்லை 100 பேரிலிருந்து 300 பேராகியது. நிலையாணைகளுக்கான எல்லையும் அதேபோல 100லிருந்து 300 ஆகியது. கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நிலையாணை என்றால் ஒரு தொழிற்சாலையின் எழுதப்பட்ட பணிவிதி: யார் நிரந்தரத் தொழிலாளி, யார் தற்காலிகத் தொழிலாளி, விடுப்பு எப்படி, எது ஒழுங்கீனம், எந்த விசாரணைக்குப் பிறகு எந்தத் தண்டனை. 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலை (நிலையாணைகள்) சட்டம் இவற்றை எழுதி, அரசின் சான்றளிக்கும் அலுவலரிடம் ஒப்புதல் பெறச் செய்தது. பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியில், அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அச்சட்டம் நிறைவேறியபோது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த தொழிற்சாலைத் திருத்தச் சட்டமும் அதே 1946இல் வந்ததுதான். மேஸ்திரியின் வாய்ச்சொல்லே சட்டமாக இருந்த இடத்தில் எழுத்தில் ஒரு விதி வந்தது என்பதன் மதிப்பு, வாய்ச்சொல்லால் மட்டுமே ஆளப்பட்டு வந்த மக்களுக்குத்தான் முழுமையாகப் புரியும்.

புதிய தொழில் உறவுகள் தொகுப்பின்படி, 300க்கும் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனத்திற்கு நிலையாணை எழுதிச் சான்று பெறும் கடமை இல்லை. 300க்கு மேல் உள்ள நிறுவனமும் மத்திய அரசின் மாதிரி நிலையாணையை அப்படியே ஏற்றுக்கொண்டால் சான்று பெற்றதாகவே கருதப்படும். ஆக, ஒரு நடுத்தர ஆலையில் இனி எது ஒழுங்கீனம் என்பதை ஹெச்.ஆர். துறை அனுப்பும் கொள்கைப் புத்தகமே தீர்மானிக்கப் போகிறது. கொள்கைப் புத்தகம் முன்பை விடக் கனத்துப் போனதற்குக் காரணம் இதுதான்.

பெயர் சொல்லாத பட்டியல்

சாதி என்ற சொல் புதிய சட்டங்களில் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. ஊதியச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பிரிவு பாலின அடிப்படையிலான ஊதியப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சாதி அடிப்படையிலானதைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் சாதியின் பெயர் இல்லாமலேயே சாதியின் வேலைகளைச் சட்டத்தில் எழுத முடியும். தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பில் 'மையப் பணி' என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையை மாணவத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்.

ஒரு நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதுவே அதன் மையப் பணி. அதில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்பது பொதுவிதி, விதிவிலக்குகளும் உண்டு. அடுத்து, எவையெல்லாம் மையப் பணிக்குத் தேவையான பணிகளாகக் கருதப்படமாட்டா என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் முதலாவது துப்புரவு: பெருக்குதல், கழுவுதல், தூசு தட்டுதல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுதல். தொடர்ந்து காவல் பணி, உணவகப் பணி, சரக்கு ஏற்றி இறக்குதல், கட்டுமானப் பராமரிப்பு, தோட்டப் பராமரிப்பு, ஹவுஸ்கீப்பிங், சலவை.

இப்பட்டியலை எந்த ஊரில் வேண்டுமானாலும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெருக்குவது யார், கழிவை அள்ளுவது யார், மூட்டை சுமப்பது யார், துணி வெளுப்பது யார் என்று கேளுங்கள். தெருவின் பெயரோடு பதில் வரும். சட்டம் எழுதியவர்களின் மனதில் சாதி இருந்ததா இல்லையா என்பது நமக்கு முக்கியமல்ல. பல நூறாண்டுகளாகச் சில சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலைகளைத் தேர்ந்தெடுத்து, 'இவை இந்த ஆலைக்குத் தேவையான வேலைகள் அல்ல' என்று எழுதினால், விளைவு ஒன்றுதான். கழிவறை கழுவப்படாமல் எந்த ஆலையும் ஒருநாள்கூட ஓடாது. ஆனால் கழுவுகிறவர் ஆலையின் தொழிலாளி அல்லர், காண்ட்ராக்டரின் ஆள். அந்தக் காண்ட்ராக்டரிடம் 49 பேர் மட்டுமே இருந்தால் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதியும் அவரைத் தொடாது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகார வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், கழுவுதல், தூசு தட்டுதல், காவல் ஆகிய பணிகளில் ஒப்பந்த முறையை அது தடை செய்தது. அதாவது, இன்று விலக்கப்பட்டுள்ள அதே வேலைகளுக்கு அன்று பாதுகாப்பு தரப்பட்டது. அதன் அடிப்படையில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட பணிகளில் இருந்தவர்களை முதன்மை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 1976 அறிவிக்கையும் செல்லாது என்றது. 2020இல் நாடாளுமன்றம் அதே வேலைகளை எடுத்து விலக்குப் பட்டியலில் வைத்தது. தடையிலிருந்து விலக்குக்கு வந்து சேர நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

ஆலைக்குள் சாதி துறைவாரியாக உட்காரும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோர் சேர்க்கப்படவில்லை. நூல் அறுந்தால் எச்சில் தொட்டு இணைக்க வேண்டும், தீண்டத்தகாதவரின் எச்சில் பட்ட நூலை எப்படித் தொடுவது என்பது காரணம். கூலி கூடுதலாகக் கிடைத்த பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்த காலத்தில் இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். இன்றைய காலணி ஆலையில் எச்சில் தொட வேண்டியதில்லை. ஆனால் யார் தையல் வரிசையில், யார் பசை வாசத்தில், யார் துடைப்பத்தோடு என்பதை, சேரும்போது கேட்கப்படும் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்வியே தீர்மானிக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் எங்களிடம் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். காண்ட்ராக்டரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அதை யார் நீக்குவது?

'வன்கொடுமைச் சட்டம்தான் இருக்கிறதே'

நிர்வாகங்களின் ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "நாங்கள் யாரிடமும் சாதி கேட்பதில்லை. சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பணிக்கொள்கையில் வேறு எதற்கு?" நம் தோழர்களில் சிலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்; அதனால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் நமது மிகக் கூர்மையான ஆயுதம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், வேலைக்கும் தொழிலுக்கும் தடை விதிப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றங்களாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் சாதிப் பெயரால் திட்டுவது அச்சட்டத்தின்கீழ் குற்றமாக வேண்டுமென்றால், அது 'பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி மாவட்டம் லால்குடியில் பதிவான வழக்கு அது. பட்டா தொடர்பாக வந்த ஒருவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த வருவாய் ஆய்வாளரை அலுவலகத்தில் வைத்துச் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள், எனவே அது பொதுப் பார்வையில் உள்ள இடம் அல்ல என்றது நீதிமன்றம்.

தீர்ப்பை விமர்சிக்கலாம், நாங்களும் விமர்சிக்கிறோம். ஆனால் அதன் நடைமுறைப் பொருளை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சூப்பர்வைசர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சாதி சொல்லித் திட்டினால், குற்றவியல் சட்டத்தின் அந்தப் பிரிவு கைகொடுக்காமல் போகலாம். பெரும்பாலான பணியிட இழிவுகள் அப்படித்தான் நடக்கின்றன. வாய்விட்டுத் திட்டாத இழிவுகளோ இன்னும் அதிகம்: தனித் தம்ளர், சாப்பாட்டு மேசையில் ஒதுங்கி உட்காருதல், இரவு ஷிப்டை ஒரு தெருக்காரர்களுக்கே போடுவது, அடைத்துக்கொண்ட கழிவறையைச் சரிசெய்யத் தையல் வரிசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் எழுப்புவது.

பணிவிதி இங்கேதான் தேவைப்படுகிறது. ஒழுங்கீனத்திற்கான உள்விசாரணைக்குப் பொதுப் பார்வை தேவையில்லை. ஐயத்திற்கிடமற்ற நிரூபணமும் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். சிறை இல்லை, ஆனால் பதவி உண்டு, பணியிடை நீக்கம் உண்டு. வேலையையே அதிகாரமாக வைத்து இழிவுபடுத்துகிறவருக்கு அந்த அதிகாரம் போகும் என்ற அச்சம் போதுமானது. குற்றவியல் வழக்கு போடவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. இரண்டும் இரண்டு பாதைகள்; ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்க வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் இந்தியச் சட்டம் இதைச் செய்திருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சென்ற பணியாளரான பன்வாரி தேவி 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்களால் வன்புணர்வுக்கு ஆளானார். அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் கொடுமையிலிருந்து 1997 விசாகா தீர்ப்பு வந்தது. 1999இல் மத்திய மாதிரி நிலையாணையின் ஒழுங்கீனப் பட்டியலில் பாலியல் துன்புறுத்தல் சேர்ந்தது. 2013இல் தனிச் சட்டம் வந்தது. இன்று எந்தக் கம்பெனிக் கொள்கைப் புத்தகமும் அந்த அத்தியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்தக் கொடுமையிலிருந்து அது பிறந்ததோ, அதில் பாதி சாதி. நீதிமன்றத்திலிருந்து ஹெச்.ஆர். அலுவலகத்திற்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பாதி வழியிலேயே தொலைந்துவிட்டது. அதே 2013 சட்டத்தில், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள் போக வேண்டிய குழு அது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்த இடத்தில் இப்போது இருப்பவர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவது மாணவர் அமைப்புகளுக்குக் கடினமான வேலையல்ல.

மற்ற சட்டங்களையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான 2017 சட்டமும், திருநர்களுக்கான 2019 சட்டமும் வேலையில் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. அவர்களின் போராட்டங்கள் பெற்றுத் தந்த உரிமைகள் அவை. சாதிக்கு மட்டும், தனியார் நிறுவனம் ஒரு கொள்கை எழுதி ஒட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சமூகப் பூர்விகத்தின் அடிப்படையிலான வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டிருந்தும் இதுதான் நிலைமை.

விந்தை என்னவென்றால், கடல் கடந்து அது நடக்கிறது. ஆப்பிள் நிறுவனம் தன் பணிக்கொள்கையில் சாதியைச் சேர்த்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார் என்பதும் உண்மை; அங்கும் பாதை நேராக இல்லை. நம் மாவட்டங்களில் தைக்கப்படும் காலணிகளும் வெளிநாட்டுச் சந்தையைக் குறிவைத்தவை. வாங்குகிற நிறுவனங்கள் தம் சப்ளையர்களுக்கென்று நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பதும் ஒரு வழிதான். ஆனால் எறையூரில் நடக்கிற இழிவுக்கு ஐரோப்பாவிலிருந்து நீதி வரும் என்று காத்திருப்பது நமக்குப் பெருமை தரக்கூடியதல்ல.

எங்கே கைவைப்பது?

முதலில் அந்தக் கையெழுத்துத் தாள். ஒழுங்கு விதிகளைப் புதிதாகப் புகுத்துவதும், நிலையாணையில் இல்லாத பழைய விதிகளை மாற்றுவதும், தொழில் உறவுகள் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள பணி நிபந்தனை மாற்றங்கள். தொழிலாளரைப் பாதிக்கும் அத்தகைய மாற்றத்திற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-அ பிரிவின் தொடர்ச்சி இது. 300 பேர் என்ற எல்லை இதற்கு இல்லை. அரசின் உத்தரவுப்படி செய்யும் மாற்றங்களுக்கு விலக்கு உண்டு என்று நிர்வாகம் வாதிடும். சமூக ஊடகத்தில் எழுதத் தடை விதிப்பதை எந்தச் சட்டத் தொகுப்பு கேட்டது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். 'தமிழில் நகல் தாருங்கள், படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்' என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுப்பதே முதல் படி. தனியாக எழுதினால் ஆபத்து; பத்துப் பேர் சேர்ந்து எழுத வேண்டும்.

அடுத்து குறைதீர்க் குழு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஒவ்வொரு தொழில் நிறுவனமும் இதை அமைத்தாக வேண்டும். நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை; மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல்; பெண்களுக்கு அவர்களின் விகிதத்திற்குக் குறையாத இடம். குறை எழுந்த ஓராண்டுக்குள் மனு தரலாம். தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொள்ளாவிட்டால் குழுவின் முடிவு செல்லாது. 300 என்ற வேலியால் நிலையாணையை இழந்த நடுத்தர ஆலைகளில், சாதி தொடர்பான புகாரைக் கொண்டுபோகச் சட்டம் விட்டு வைத்திருக்கும் வாசல் இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு. பிரதிநிதிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதை விதிகளில் எழுத வேண்டிய பொறுப்பு, தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை, மாநில அரசுடையது. பெண்களுக்கு விகிதம் உண்டென்றால் பட்டியல் சாதியினருக்கும் ஏன் இல்லை? இக்கோரிக்கையைச் சென்னையில் வைக்க நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவைத் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அழுத்தம் கொடுத்தால் இந்த அரசாங்கக் கட்டடங்கள் அசைகின்றன என்பதற்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 300 பேருக்கு மேல் உள்ள பெரிய ஆலைகள். அங்கே நிலையாணையைத் திருத்தக் கோரிச் சான்றளிக்கும் அலுவலரிடம் விண்ணப்பிக்கும் உரிமை முதலாளிக்கு மட்டும் உரியதல்ல; தொழிலாளிக்கும் சங்கத்திற்கும் உண்டு. சான்றளித்து ஆறு மாதங்கள் கடந்திருந்தால் போதும். இந்த உரிமை பழைய சட்டத்திலும் இருந்தது. சாதிப் பாகுபாட்டை ஒழுங்கீனப் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை எங்கள் கைவழி வந்த கோப்புகள் எதிலும் நாங்கள் பார்த்ததில்லை. போனஸுக்கும் ஷிப்டுக்கும் விண்ணப்பம் போட்ட சங்கங்கள் இதற்குப் போடவில்லை. இடதுசாரித் தோழர்களும் நம் இயக்கத் தோழர்களும் சேர்ந்தே ஏற்க வேண்டிய குறை இது. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் தொழிலாளரின் இரு எதிரிகளாகச் சொன்னபோது, சங்கங்கள் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகின்றன என்ற அவரது வருத்தமும் அதில் இருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளிகளின் நிலைதான் கடினமானது. ஆலையின் கொள்கைப் புத்தகம் தங்களுக்குப் பொருந்தாது என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. ஆனால் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்பவரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. எந்த வேலியின் பெயராலும் அவரை வெளியே நிறுத்துவதில்லை. சாதி பற்றிய பணிவிதியும் அப்படியே எழுதப்பட வேண்டும். குறைந்தபட்சக் கூலி குறைந்தால் வேறு வழியும் உண்டு. அப்படிக் குறைத்துக் கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் முதலாளிக்கும் அது பொருந்தும். பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொன்னால், எந்தக் காண்ட்ராக்டராக இருந்தாலும், 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டத்தின்படி அது குற்றம். உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 தீர்ப்பு 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. உயிர் போன பிறகு கிடைக்கும் பணத்தைப் பற்றிச் சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதும், உயிரோடு இருப்பவரின் நியமனக் கடிதத்தைப் பற்றி இவ்வளவு மங்கலாக இருப்பதும் எங்களை உறுத்துகிறது.

அந்தக் கூட்டத்திற்குப் பிறகு, மாணவரும் அவருடைய அக்காவும் இன்னும் சிலரும் உட்கார்ந்து, அவர்களின் ஆலைக்கான திருத்த வாசகம் ஒன்றைத் தமிழில் எழுதினோம். சட்ட நடையைத் தவிர்க்கச் சொன்னவர் அந்த அக்காதான். வாசலில் ஒட்டினால் நின்று படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். எழுதி முடித்தது இது: "சாதியின் பேரால் ஒருவரைத் திட்டுவதும், வேலை, ஷிப்டு, சாப்பாட்டு இடம், தண்ணீர், கழிவறை ஆகியவற்றில் சாதி பார்த்துப் பிரிப்பதும், துப்புரவு வேலையைச் சாதி பார்த்துக் கொடுப்பதும், தனியறையில் நடந்தாலும் எல்லோர் முன்னும் நடந்தாலும், ஒழுங்கீனம். நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், காண்ட்ராக்டரின் ஆள் யாராக இருந்தாலும் புகார் தரலாம். புகார் தந்தவரை வேலை மாற்றக் கூடாது." கடைசி வரி முதலில் எங்கள் வரைவில் இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே.